தொங்கு சதை போகும், கோடு நிற்கும்: டர்பனில் புஜத் தோல் அறுவை, ஒரு மதிப்பீடு

எடை குறைந்தால் முகம் குறுகும், வயிறு ஓரளவு வழிக்கு வரும். புஜத்துத் தோல் மட்டும் வராது. எடை குறைக்க இரைப்பையில் பேரியாட்ரிக் அறுவை செய்துகொண்டவர்களும் ஓசெம்பிக் ஊசியால் 20, 30 கிலோ இறக்கியவர்களும் டர்பனில் பெருகிவிட்டார்கள். ரவிக்கைக் கைக்குள் பிதுங்கும் அந்தத் தொளதொளப்பை வெட்டி எடுக்க வழி கேட்பவர்களும் கூடவே பெருகியிருக்கிறார்கள். மருத்துவர்கள் இதை பிராக்கியோபிளாஸ்டி என்பார்கள், வரவேற்பு மேசையில் ஆர்ம் லிஃப்ட் என்றால் புரியும். உம்லாங்கா முதல் வெஸ்ட்வில் வரை தனியார் சிகிச்சை அறைகளில் கிடைக்கும் இந்தச் சேவை கொடுக்கிற காசுக்குத் தகுமா என்பதுதான் இங்கே பேச்சு. அறுவைக்கு நல்ல மதிப்பெண் போடலாம். விலைச்சீட்டுக்கும் பின்கவனிப்புக்கும் அவ்வளவு தாராளமாகப் போட முடியாது.

டம்பெல் தூக்கினால் சரியாகிவிடாதா என்று கேட்காதவர் இல்லை. ஆகாது. டம்பெல் வளர்ப்பது தசையை. தொங்குவது அதன் மேலிருக்கும் தோல். பல வருடம் கொழுப்பைத் தாங்கி நீண்ட தோலில் மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் அறுந்துபோயிருக்கும், அவை திரும்ப முளைப்பதில்லை. போதாததற்கு, புஜத்தின் உள்பக்கத் திசுவை அக்குள் வழியாகக் காறை எலும்பு வரை தாங்கிப் பிடிக்கும் திசுப்படலமும் தளர்ந்துவிடும். கயிறு தளர்ந்த தூளி நடுவில் தாழ்வது போலத்தான் புஜம் நடுவில் தாழ்கிறது. லாக்வுட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1995இல் இதை விளக்கி, தோலை மட்டும் இழுத்துத் தைக்காமல் உள்படலத்தை அக்குளின் உறுதியான படலத்தோடு சேர்த்துக் கட்டும் முறையை எழுதினார். உங்கள் மருத்துவர் எந்த அடுக்கில் தைக்கப்போகிறார் என்று கேளுங்கள். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் தையல் விட்டுச்செல்லும் தழும்புக் கோடு அகன்றுபோகும், அக்குளிலிருந்து கீழே இறங்கியும் வரும்.

எந்தக் கைக்கு எந்த முறை என்பது ஒரு கிள்ளில் தெரிந்துவிடும். நின்றபடி கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, தொங்கும் இடத்தைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். கிள்ளியது தடிமனாக இருந்து, விட்டதும் தோல் சட்டென்று திரும்பினால் அங்கே கொழுப்புதான் மிகுதி, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் போதும். மெல்லிய துணி மாதிரி கையோடு வந்து மெதுவாகத் திரும்பினால் வெட்டித்தான் ஆக வேண்டும். தளர்ச்சி அக்குளை ஒட்டிய மேல் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால், அக்குள் மடிப்புக்குள்ளேயே மறைகிற குட்டைக் கோடு போதும். முழங்கை வரை தொங்கினால் கோடும் முழங்கைக்குச் சற்று மேல் வரை வரும், ஏறக்குறைய ஒரு சாண். 50 கிலோவுக்கு மேல் இறங்கியவர்களுக்குத் தளர்ச்சி விலாப்பக்கம் வரை ஓடியிருக்கும், கோடும் அங்கே தொடரும்.

மினி லிஃப்ட் என்று குட்டைக் கோட்டை அழகாக விற்கிறார்கள். அது மேல்நோக்கி மட்டுமே இழுக்கும், சுற்றளவைக் குறைக்காது. முழங்கை வரை தொங்கும் கைக்கு மினி செய்தால் அக்குளில் சுருக்கம் விழும், கீழே தொங்குவது தொங்கியபடியே இருக்கும். இரண்டாம் தடவை மேசையில் படுக்க வேண்டிவரும். ரேடியோ அலைக் கருவிகளால் வெட்டாமலே இறுக்கலாம் என்ற விளம்பரங்களும் அப்படித்தான். லேசான தளர்ச்சியில் கொஞ்சம் சுருங்கும், தொங்குகிற தோலில் காசு போனதுதான் மிச்சம், தோல் வெந்துபோகும் ஆபத்தும் உண்டு. கிரீம்களைப் பற்றி எழுத ஒரு வரி கூட வேண்டாம்.

முதல் சந்திப்பில் நல்ல மருத்துவர் கையைப் பார்ப்பதற்கு முன்பே நிறையக் கேட்பார். எடை ஆறு மாதமாக ஒரே நிலையில் இருக்கிறதா? பேரியாட்ரிக் அறுவை என்றால் 12 முதல் 18 மாதம் ஆகிவிட்டதா? இன்னும் 10 கிலோ இறங்கப்போகிறவருக்கு இன்று இறுக்கினால் நாளை மறுபடி தொங்கும். சிகரெட் பிடிப்பவர் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும், நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தையல் ஓரத்துத் தோல் கருகிப்போகும். சர்க்கரை நம்மவர் வீடுகளில் பழைய விருந்தாளி. சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7 அல்லது 7.5க்குள் வராமல் மருத்துவர் தேதி கொடுத்தால் அவரைச் சந்தேகியுங்கள். இரைப்பை பைபாஸ் முறையில் எடை குறைத்தவர்களுக்கு இரும்பு, பி12, புரதம் எல்லாம் குறைந்திருக்கும். ஹீமோகுளோபினும் ரத்தப் புரதமான ஆல்புமினும் பார்க்காமல் கத்தி எடுக்கக் கூடாது. அறுவைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாளுக்கு 60 முதல் 100 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். ஒரு சிறு கிண்ணம் சமைத்த பருப்பில் 10 கிராம் கூடத் தேறாது என்பதால் சைவர்கள் முட்டையோ மோர்ப்புரத மாவோ சேர்க்காமல் அந்தக் கணக்கை எட்டுவது கடினம்.

ஓசெம்பிக் போன்ற ஊசி போடுபவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஊசியை எப்போது நிறுத்துவது, முந்தின நாள் நீராகாரம் மட்டும் எடுப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, கருத்தடை மாத்திரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் இந்த அறுவை பெரும்பாலும் வேண்டாம் என்பதே சரியான பதில். கை நிரந்தரமாக வீங்கிவிடக்கூடும்.

யாரிடம் போவது? பதிவைப் பார்ப்பது மிக எளிது, பார்ப்பவர்கள்தான் குறைவு. ஹெச்பிசிஎஸ்ஏ என்னும் மருத்துவத் தொழில் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால், பிளாஸ்டிக் அண்ட் ரீகன்ஸ்ட்ரக்டிவ் சர்ஜரி நிபுணராகப் பதிந்திருக்கிறாரா, பொது மருத்துவராகவா என்பது தெரிந்துவிடும். பெயருக்குப் பின்னால் எஃப்சி பிளாஸ்ட் சர்ஜ், எஸ்ஏ என்றிருந்தால் தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகளின் நிபுணர் தேர்வில் தேறியவர். ஏஸ்தெட்டிக் டாக்டர் என்ற பலகைக்குப் பின்னால் நிபுணரும் இருக்கலாம், போட்டாக்ஸ் ஊசி மட்டும் போடும் பொது மருத்துவரும் இருக்கலாம். பலகையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டுவார்கள். மூன்று மாதப் படத்தை ஒதுக்கிவிட்டு 12 மாதப் படத்தைக் கேளுங்கள், அதுவும் கையைத் தூக்கி எடுத்தது, நம் நிறத் தோலில் எடுத்தது. வெள்ளைத் தோலில் வெளிறிப்போகும் கோடு மாநிறத்திலும் கருநிறத்திலும் முதலில் கறுத்து நிற்கும், சிலருக்குத் தடித்து எழும்பும். காது குத்திய இடத்திலோ அம்மைத் தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குக் கட்டி போல் தழும்பு வளர்ந்திருந்தால், அது கீலாய்டு. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டிவிடுங்கள். கீலாய்டு உடம்பில் அழகுக்காக ஒரு சாண் கோடு போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

கோடு எங்கே என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. புஜத்தின் உள்பக்கப் பள்ளத்தில் போட்டால் கை தொங்கும்போது மறையும், தூக்கும்போது தெரியும். பின்பக்கம் போட்டால் உங்கள் கண்ணாடியில் தெரியாது, வரிசையில் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். பரதம் ஆடுபவர், காவடி எடுப்பவர் போலக் கை தூக்குகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இனி விலைச்சீட்டு. இங்கேதான் சேவை சறுக்குகிறது. இந்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் பொதுவாக அறுவை மருத்துவர் தனி, மயக்க மருத்துவர் தனி, மருத்துவமனை தனி. பில்லும் மூன்றாக வரும். கையுதவி மருத்துவர் இருந்தால் நான்கு. முதல் சந்திப்பில் காதில் விழும் தொகை பெரும்பாலும் அறுவை மருத்துவருடையது மட்டுமே. அறுவை அரங்கக் கட்டணம் நிமிடக் கணக்கு, மயக்க மருத்துவருடையதும் நேரத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே குறைந்த கட்டணம் சொல்லி நான்கு மணி நேரம் எடுப்பவரை விட, கூடச் சொல்லி இரண்டரை மணியில் முடிப்பவர் மொத்தத்தில் மலிவாக முடியலாம். அரங்க நேரம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, 15% வாட் சேர்ந்ததா சேராததா, அறுவைக்குப் பின் கையில் போடும் இறுக்கு உறை எத்தனை, தழும்புக்கு ஒட்டும் சிலிக்கோன் பட்டை உண்டா, நீர் கோத்தால் உறிஞ்ச வருவதற்குத் தனிக் காசா, ஓராண்டுக்குள் தையலோரத்தைச் சரிசெய்தால் யார் பணம்? இதெல்லாம் தாளில் இல்லையென்றால் அந்தத் தாள் விலைச்சீட்டே அல்ல.

மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்புத் திட்டம் இதற்குப் பணம் தராது. தோல் மடிப்பில் புண் வருகிறது என்று கடிதம் கொடுத்தாலும், அழகு சிகிச்சை என்ற விலக்கின் கீழ்தான் போடுவார்கள். அதைவிட முக்கியம், அறுவைக்குப் பிறகு ரத்தம் உறைந்தோ கிருமி புகுந்தோ மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்பது. இதை உங்கள் திட்டத்திடம் முன்கூட்டி எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அறுவை அன்று காலை நடப்பவை. அக்குள் முடியை நீங்களாக ரேசரால் மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி புகும். வேண்டுமானால் அரங்கில் கிளிப்பரால் எடுப்பார்கள். வளையல், மோதிரம் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். குறி போடுவது மயக்கத்துக்கு முன், உட்கார்ந்தோ நின்றோதான். படுத்த பிறகு போட்டால் தோல் வேறு பக்கம் சரிந்துவிடும். முழு மயக்கம், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். இரண்டு கையும் வேலைக்களம் என்பதால் ரத்த அழுத்தப் பட்டையைக் காலில் கட்டுவார்கள்.

முதலில் ஒரு லிட்டர் உப்புநீருக்கு ஒரு மில்லிகிராம் அட்ரினலின் என்ற அளவில் கலந்து தோலடியில் செலுத்துகிறார்கள். தோல் வெளுக்கும் வரை 10, 15 நிமிடம் காத்திருந்தால் ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும். பிறகு வெட்டப்போகும் பகுதியில் லைப்போசக்ஷன். கொழுப்பை உறிஞ்சிவிட்டுத் தோலை மட்டும் உரித்தெடுத்தால் அடியிலுள்ள நிணநீர்க் குழாய்கள் பெரும்பாலும் தப்பும், நீர் கோப்பது குறையும். இந்த வழியில் செய்கிறாரா என்று கேட்பது நல்ல கேள்வி.

வெட்டும் வேகத்தில்தான் அனுபவம் தெரியும். திறந்த புஜம் புளித்த மாவு போல நிமிடத்துக்கு நிமிடம் உப்பும். குறித்த தோல் முழுவதையும் ஒரேயடியாக வெட்டி எடுத்துவிட்டு மூட வந்தால் இரண்டு ஓரமும் சேராது. அதனால் ஒரு கையகலம் வெட்டி, கிளிப்பால் மூடி, அடுத்த கையகலம் என்று நகர வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதைக் கோட்டை நம்பி முடிவு செய்யாமல், ஒவ்வொரு கட்டத்திலும் தோலைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

அடியில் ஒரு நரம்பு காத்திருக்கிறது. முன்கையின் உள்பக்க உணர்வைத் தரும் அந்தத் தோல் நரம்பு, ஆழ்படலத்தைத் துளைத்து மேலே வரும் இடம் முழங்கையின் உள்முண்டிலிருந்து சராசரியாக 14 செமீ மேலே என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அந்த இடத்தில் ஆழ்படலத்தின் மேல் ஒரு சென்டிமீட்டர் கொழுப்பை விட்டுவைத்து வெட்டினால் நரம்பு பிழைக்கும். அறுந்தால் முன்கை உள்பக்கம் மரத்துப்போகும், அறுந்த முனை முடிச்சிட்டால் தொட்டதும் மின்சாரம் பாய்ந்தது போல் வலிக்கும். அதே ஆய்வில் 40 பேரில் நான்கில் ஒருவருக்கு ஏதாவதொரு சிக்கல் வந்திருந்தது. பெரும்பாலும் சிறியவைதான் என்றாலும், அரிது என்று யாராவது சிரித்து மழுப்பினால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

அக்குளில் கோட்டை நேராக ஓட விடக் கூடாது. நேர்க்கோடு சுருங்கினால் கயிறு போல் இழுத்துக் கை முழுவதும் தூக்க வராது. இசட் வடிவிலோ எல் வடிவிலோ உடைத்துத் தைப்பார்கள். படலத்துக்கு 2-0, தோலடிக்கு 3-0, மேலே 4-0 என்று மேலே வர வர மெலிதாகும் கரையும் நூல்தையல்களே வழக்கம், பிரிக்கிற வேலை இல்லை. வடிகுழாய் வைப்பதும் வைக்காததும் மருத்துவரின் பழக்கம். வைத்தால், 24 மணி நேரத்தில் வடியும் நீர் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள். ஓர் இரவு தங்கல், சிலருக்கு அன்றே வீடு.

வீட்டுக்கு வந்த பின்புதான் உண்மையான வேலை. மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை வரும் இறுக்கு உறையை நான்கு முதல் ஆறு வாரம் இரவு பகலாகப் போட வேண்டும். முழங்கையோடு நிற்கும் குட்டை உறை வாங்கினால் முன்கையும் விரல்களும் வீங்கும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உறை மிக இறுக்கம் என்று பொருள், மறுநாள் வரை பொறுக்காமல் கழற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரண்டு செட் வேண்டும், ஒன்று துவைக்க ஒன்று போட. டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் இந்த உறைக்குள் இருப்பது தண்டனை. வியர்வையில் அக்குள் நனைந்து தையல் வாய் பிளப்பதற்கும் அந்த மாதங்களே வசதி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில் தேதி வாங்குங்கள். ஆடிக் கூழுக்குக் கோயிலுக்குப் போகலாம், குடம் தூக்க முடியாது.

முதல் இரண்டு வாரம் தலை வாருவது, கொண்டை போடுவது, பின்பக்கக் கொக்கி மாட்டுவது எதுவும் கைகூடாது. முன்னால் திறக்கும் உடை நான்கைந்து எடுத்து வையுங்கள். முழங்கையைத் தோளுக்கு மேல் மூன்று வாரம் தூக்கக் கூடாது என்பதால், தினமும் எடுக்கும் பாத்திரங்களை மேல் தட்டிலிருந்து இறக்கிவிடுங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் சுமை வேண்டாம். கார் ஓட்டுவது இரண்டு வாரத்துக்குப் பிறகு, அதுவும் வலி மாத்திரை நிறுத்தி, திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்ப முடிந்தால்தான். பத்து கிலோ அரிசி மூட்டைக்கும் ஜிம்முக்கும் ஆறு வாரம். தைப்பூசக் காவடிக்கு அறுவையிலிருந்து குறைந்தது மூன்று மாதம் இடைவெளி, அலகு குத்துவதாக இருந்தால் கோட்டின் பக்கம் வரவே வேண்டாம்.

இரண்டாம் வாரத்தில் அக்குளில் மூன்று தையல்கோடு சந்திக்கும் முனை ஓரிரு சென்டிமீட்டர் பிளந்தால் பதற வேண்டாம். இழுவிசையும் ஈரமும் அங்கேதான் அதிகம். கட்டுப்போட்டால் மூன்று நான்கு வாரத்தில் தானாக மூடும். அவசரப்பட்டு மறுபடி தைத்தால் திரும்பப் பிளக்கும். முழங்கைப் பக்கம் மெத்தென்று வீங்கி, தட்டினால் தண்ணீர் ததும்புவது போலிருந்தால் நீர் கோத்திருக்கிறது. ஊசியால் உறிஞ்சிவிடுவார்கள், சிலருக்கு மூன்று நான்கு தடவை. ஆனால் ஒரு கை மட்டும் சில மணி நேரத்தில் கல் மாதிரி இறுகி வீங்கினால் அது உள்ரத்தக்கசிவு. கெண்டைக்கால் வலியோடு மூச்சு வாங்கினால் ரத்த உறைவு. இரண்டுக்கும் இரவென்றும் பாராமல் மருத்துவமனை. இரவு இரண்டு மணிக்கு எடுக்கிற ஒரு தொலைபேசி எண்ணை அறுவைக்கு முன்பே தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இந்தியப் பயணத்தோடு சேர்த்து சென்னையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. அறுவை அங்கே நன்றாகவே நடக்கலாம். ஆனால் நீண்ட விமானப் பயணத்துக்கு முன் இரண்டு வாரமாவது அங்கேயே தங்க வேண்டும், ரத்த உறைவு ஆபத்து அதற்குள்தான் அதிகம். மூன்றாம் வாரம் நீர் கோத்தால் உறிஞ்ச இங்கே யார் என்பதையும் முன்பே பேசிவைக்க வேண்டும். வேறொருவர் தைத்த கையைத் தொட இங்குள்ள பலர் தயங்குவார்கள்.

தழும்புக் கவனிப்பைத்தான் பெரும்பாலும் ஒரு துண்டுத் தாளோடு முடித்துவிடுகிறார்கள், பத்தாயிரக்கணக்கான ரேண்ட் வாங்கிய பிறகு இது போதாது. புண் முழுதாக மூடியதும், ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து, சிலிக்கோன் பட்டையை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று மாதம் ஒட்ட வேண்டும். பட்டை வியர்வையில் நழுவினால் சிலிக்கோன் ஜெல். வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 50 கிரீமோ முழுக்கை உடையோ இல்லையென்றால் கோடு கறுத்துவிடும். மஞ்சள் அரைத்துப் பூசுவது, திருநீறு தடவுவது எல்லாம் திறந்த புண்ணில் வேண்டாம். வைட்டமின் ஈ எண்ணெய் தழும்பை மாற்றாது, சிலருக்கு அரிப்பு கிளப்பும். மூன்றாம் மாதம் கோடு சிவந்து, தடித்து, மிக அசிங்கமாக இருக்கும் காலம். பலர் ஏமாந்துவிட்டோம் என்று அழுவது அப்போதுதான். அதற்குப் பிறகு தணியும். தணியாமல் எழும்பிக்கொண்டே போனால் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கோட்டுக்குள்ளேயே போடுவார்கள். சீக்கிரம் தொடங்கினால் நன்றாக அடங்கும். கோடு முதிர்ந்து வெளிற 12 முதல் 18 மாதம்.

எடை நிலைத்து, சர்க்கரை கட்டுக்குள் இருந்து, மடிப்பில் வியர்க்குருவும் உரசலும் படுத்துகிற கைக்கு இந்த அறுவையை நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம். கையில்லாத ரவிக்கை போடும் ஆசைக்காக மட்டும் என்றால், அந்த ரவிக்கையில்தான் கோடு பளிச்சென்று தெரியும் என்பதைக் கண்ணாடி முன் ஒரு கறுப்பு மார்க்கரால் வரைந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தையற்காரியிடம் அளவு கொடுப்பதை ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ஆறாம் வாரத்தில் தைத்த ரவிக்கைக் கை, வீக்கம் வடிந்ததும் தொளதொளவென்று நிற்கும்.